கோடிட்ட இடங்களை நிரப்புக: பகுதிநேர இறையியல் படிப்பு பற்றிச் சில குறிப்புகள்

போன வருடம் என்னுடைய பகுதிநேர இறையியல் படிப்பு முடிந்தது. மூன்று வருடம், சனிக்கிழமை தோறும் மதியம் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை, திருச்சபை நடத்தும் ஒரு கல்லூரியில். சான்றிதழ் வாங்கிய நாளிலிருந்து தெரிந்தவர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: "எப்படி இருந்தது? நாங்களும் சேரலாமா?"

சுருக்கமான பதில், சேரலாம். நீளமான பதில்தான் இந்தக் கட்டுரை. கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் குறையாகப் பார்ப்பது ஒரு கல்லூரியின் குறை அல்ல. பகுதிநேர இறையியல் கல்வி என்ற வடிவத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு சிக்கல். அதன் வரலாறு கொஞ்சம் தெரிந்தால் சிக்கல் எங்கே என்று பிடிபடும்.

யார் படிக்கிறார்கள்?

எங்கள் வகுப்பில் பதினேழு பேர். மின்வாரிய ஊழியர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, அரசு மருத்துவமனை செவிலியர், சொந்தமாகக் கார் வைத்து ஓட்டுபவர், என்னைப் போல மென்பொருள்காரர்கள் இரண்டு பேர். எங்களில் ஒருவரும் ஆயராகப் போகிறவர் இல்லை. ஆனால் ஏறக்குறைய எல்லோருமே சபையில் ஏதோ ஒரு பொறுப்பில் இருந்தோம். ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கியம், வாலிபர் கூட்டம், வீட்டு ஜெபக்குழு என்று ஏதாவது ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம் படிப்பதை ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ச் சொல்லக்கூடிய இடத்தில் இருந்தோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பி வருகிறேன்.

பாடங்கள் வழக்கமானவைதான். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, திருச்சபை வரலாறு, கிறிஸ்தவக் கோட்பாடு, அறநெறி, பிற சமயங்கள், மேய்ப்புப்பணி. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பயிற்சிப் புத்தகம். வீட்டில் படித்து, கோடிட்ட இடங்களை நிரப்பி, சனிக்கிழமை கொண்டுவர வேண்டும்.

குவாத்தமாலாவிலிருந்து வந்த வடிவம்

வேலையை விடாமல், ஊரை விடாமல் இறையியல் படிப்பது என்ற ஏற்பாடு இன்று இருக்கும் உருவத்தில் 1963 இல் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் தொடங்கியது. அங்கே பிரஸ்பிட்டேரியன் சபைக்கு ஒரு செமினரி இருந்தது. கிராமத்து இளைஞர்கள் தலைநகரத்துக்கு வந்து விடுதியில் தங்கிப் படிப்பார்கள். படித்து முடித்தவர்களில் பலர் கிராமத்துக்குத் திரும்பவே இல்லை. இன்னொரு பக்கம், கிராமத்துச் சபைகளை நிஜமாகவே நடத்திக்கொண்டிருந்தவர்கள் குடும்பமும் நிலமும் உள்ள பெரியவர்கள். அவர்களால் மூன்று நான்கு வருடம் விடுதியில் போய் உட்கார முடியாது. அதாவது, படிக்க வந்தவர்கள் தலைவர்களாகவில்லை. தலைவர்களாக இருந்தவர்களுக்குப் படிக்க வழியில்லை.

ஜேம்ஸ் எமெரி, ரால்ஃப் வின்டர், ராஸ் கின்ஸ்லர் ஆகிய மூன்று பேர் இதைத் திருப்பிப் போட்டார்கள். மாணவன் கல்லூரிக்கு வர வேண்டாம், கல்லூரி மாணவனிடம் போகட்டும் என்றார்கள். வாரம் முழுக்க வீட்டில் படிப்பு. வாரம் ஒருமுறை ஆசிரியர் பக்கத்து ஊருக்கு வருவார், எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசுவார்கள். இந்த ஏற்பாடு சில வருடங்களில் லத்தீன் அமெரிக்கா முழுக்கவும் பிறகு ஆப்பிரிக்கா, ஆசியாவிலும் பரவியது. இந்தியாவில் இதற்கென்றே டாஃப்டீ என்ற அமைப்பு 1971 இல் பெங்களூரில் உருவானது. 1818 இல் வில்லியம் கேரியும் தோழர்களும் தொடங்கிய செராம்பூர் கல்லூரியின் வழிவந்த செராம்பூர் செனட்டும், பொதுநிலையினர் வெளியிலிருந்து படிக்கும் படிப்புகளை வைத்திருக்கிறது. நான் படித்தது இவை இரண்டுமே அல்ல. ஆனால் அச்சு ஒன்றுதான்.

வீட்டில் தனியாகப் படிக்க எப்படிப்பட்ட புத்தகம் வேண்டும்? இதற்கு அவர்கள் அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பிரபலமாக இருந்த ஒரு முறையை எடுத்துக்கொண்டார்கள். உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1950களில் முன்வைத்த முறை அது. பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் கீழே ஒரு கேள்வி, ஒரு கோடிட்ட இடம், உடனே சரிபார்த்துக்கொள்ள விடை. சரியாக எழுதினால் அடுத்த துண்டு. படிப்பவர் தப்பே செய்யாத அளவுக்குச் சின்னப் படிகளாக இருக்க வேண்டும் என்பதுதான் இதன் சூத்திரம்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் அலுவலகத்தில் வருடா வருடம் கட்டாயமாக முடிக்கும் பாதுகாப்புப் பயிற்சியும் இதேதான். நாலு ஸ்லைடு, ஒரு கேள்வி, பச்சை டிக்.

புத்தகத்தின் நல்லதும் கெட்டதும்

ஆனால் இந்த முறையைக் கிண்டல் செய்துவிட்டுப் போவது நியாயம் இல்லை. முதல் வருடம் நான் தப்பிப் பிழைத்ததே இந்தப் புத்தகங்களால்தான். இரவு பதினோரு மணிக்கு வெளிநாட்டுக்காரர்களுடன் கால் முடித்துவிட்டு வந்து உட்காருகிறவனுக்கு ஜெர்மன் அறிஞர்களின் மொழிபெயர்ப்பைக் கொடுத்தால் இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிடுவான். துண்டு துண்டாக இருந்ததால் தினமும் இருபது நிமிடம் ஓடியது. பத்தாவதோடு படிப்பை விட்ட எங்கள் ஓட்டுநர் அண்ணன், சவாரிக்கு நடுவில் ஸ்டீயரிங் மேல் புத்தகத்தை வைத்து நிரப்புவார். இஸ்ரவேல், யூதா அரசர்களின் வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். தகவலைக் கொண்டுசேர்க்க இதைவிட நல்ல வண்டி இல்லை.

சில பாடங்களில் தகவலே பெரிய சந்தோஷமாகவும் இருந்தது. மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று கலர் ஸ்கெட்ச் பேனாவால் ஒற்றுமை வேற்றுமைகளைக் குறித்த வாரத்தை மறக்க முடியாது. மாற்கில் இருப்பதில் ஏறத்தாழ 90 சதவீதம் மத்தேயுவில் இருக்கிறது, பாதிக்கு மேல் லூக்காவிலும் இருக்கிறது என்று ஸ்ட்ரீட்டர் என்பவர் 1924 இல் வெளியிட்ட நூலில் காட்டினார். அதைப் படிப்பது வேறு, நம் கையாலேயே கலர் அடித்துப் பார்ப்பது வேறு. கண் முன்னால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து, மாற்றி, சேர்த்து எழுதிய தடம் தெரிகிறது.

சிக்கல் எங்கே என்றால், கோடிட்ட இடத்தில் ஒரு விடைக்குத்தான் இடம் இருக்கிறது. அரசர் பெயருக்கு அது போதும். இறையியலில் முக்கியமான எந்தக் கேள்விக்கும் அது போதாது.

மாற்கு 16

எனக்கு இது உறைத்த இடத்தைச் சொல்கிறேன். இரண்டாம் வருடம், புதிய ஏற்பாட்டுப் பாடம். புத்தகத்தில் இப்படி ஒரு துண்டு இருந்தது (நினைவிலிருந்து, என் வார்த்தையில்): மாற்கு நற்செய்தியின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் உண்டா, இல்லையா? கோடிட்ட இடம். விடை: இல்லை.

விடை சரிதான். 4 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய் பிரதி, வத்திக்கான் பிரதி இரண்டிலும் மாற்கு 16 ஆம் அதிகாரம் 8 ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. கல்லறைக்குப் போன பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள், பயத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான், நின்றுவிடுகிறது. கிரேக்கத்தில் கடைசிச் சொல் 'ஏனென்றால்' என்ற பொருள் தரும் ஒரு சின்ன இடைச்சொல். உயிர்த்த இயேசு தோன்றுவதும், நம்புகிறவர்கள் பிசாசுகளைத் துரத்துவார்கள், நோயாளிகள் மேல் கைவைத்தால் குணமாவார்கள் என்று வருவதும் 9 முதல் 20 வரையிலான பகுதியில். இன்றைய பல மொழிபெயர்ப்புகள் இந்தப் பகுதியை அடைப்புக்குறிக்குள் போடுகின்றன, அல்லது அடிக்குறிப்பு கொடுக்கின்றன. நம் வீடுகளில் இருக்கும் பழைய திருப்புதல் 1871 இல் வந்த பவர் ஐயர் குழுவின் மொழிபெயர்ப்பு. வெஸ்ட்காட்டும் ஹார்ட்டும் இந்த வசனங்களை இரட்டை அடைப்புக்குறிக்குள் போட்டுக் கிரேக்கப் பதிப்பை வெளியிட்டது அதற்குப் பத்து வருடம் கழித்து, 1881 இல். என் வீட்டுப் பிரதியில் அந்த இடத்தில் எந்தக் குறிப்பும் இல்லை.

புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டவனுக்கு வாய் சும்மா இருக்குமா? அடுத்த நாள் சாயங்காலம் எங்கள் வீட்டு ஜெபக்குழுவில் இதைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது. பன்னிரண்டு பேர் இருந்தார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை. முடிந்து எல்லோரும் காபி குடிக்கும்போது ஓர் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் சிறுநீரகக் கோளாறில் கணவரை இழந்தவர்.

"தம்பி, நீங்க சொன்னது அந்தக் கை வைக்கிற வசனமும் சேர்த்தா?"

"ஆமாக்கா."

"அவரை ஆஸ்பத்திரியில வச்சிருந்த கடைசி ராத்திரி, அதைச் சொல்லித்தான் நாங்க மூணு பேரும் கை வச்சு ஜெபிச்சோம். அந்த வசனமே இல்லைன்னா, அன்னிக்கு நாங்க எதைப் பிடிச்சுக்கிட்டு ஜெபிச்சோம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "இல்லைன்னு அர்த்தம் இல்லக்கா, பழைய பிரதிகள்ல மட்டும்..." என்று ஏதோ உளறினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்த இரண்டு வாரம் குழுவுக்கு வரவில்லை.

விடை 'இல்லை' மட்டும்தானா?

அதன் பிறகுதான் நூலகத்தில் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். புத்தகம் சொன்ன 'இல்லை' உண்மையின் ஒரு பகுதிதான் என்று தெரிந்தது.

நமக்குக் கிடைத்திருக்கும் கிரேக்கப் பிரதிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் அந்த வசனங்கள் உண்டு. லியோன் நகர ஆயர் இரேனேயு, ஏறத்தாழ கி.பி. 180 இல், 19 ஆம் வசனத்தை மாற்குவின் முடிவு என்று சொல்லியே மேற்கோள் காட்டுகிறார். அதாவது அந்தப் 'பழைய' பிரதிகள் எழுதப்படுவதற்கு நூறு வருடத்துக்கும் மேல் முன்பே இந்த முடிவு சபையில் புழக்கத்தில் இருந்தது. மறுபக்கம், 4 ஆம் நூற்றாண்டின் யூசேபியுவும் அவருக்குப் பின் வந்த எரோணிமுவும், தாங்கள் அறிந்த கிரேக்கப் பிரதிகளில் பெரும்பாலானவற்றில் இது இல்லை என்கிறார்கள். நடையும் சொற்களும் மாற்குவுடையவை போல் இல்லை என்பது பெரும்பாலான அறிஞர்கள் கருத்து. மாற்கு எழுதாமல் இருக்கலாம், ஆனால் மிக ஆரம்பத்திலிருந்தே சபை கையில் வைத்திருந்த வசனங்கள். யார் எழுதினார் என்பது ஒரு கேள்வி, சபை ஏன் வேதமாக ஏற்றது என்பது இன்னொரு கேள்வி. நோயாளிக்காக ஜெபிப்பது இந்த ஒரு வசனத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் விஷயமும் இல்லை. யாக்கோபு நிருபம் 5 ஆம் அதிகாரத்தில் மூப்பர்களை வரவழைத்து, எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லியிருக்கிறது.

இவ்வளவும் அந்தக் கோடிட்ட இடத்துக்குள் எப்படி அடங்கும்? புத்தகம் பொய் சொல்லவில்லை. ஆனால் 'இல்லை' என்று எழுதி டிக் வாங்கியவன் அந்த விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறான். நான் அப்படித்தான் நினைத்தேன். சோதித்துப் பார்க்காத மாற்றத்தை நேராக லைவ் சர்வரில் ஏற்றினேன் என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள்.

வேலியும் தூணும்

அடுத்த சனிக்கிழமை ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். வகுப்பு முடிய நாற்பது நிமிடம் இருந்தது, முடிக்க வேண்டிய பாடம் இரண்டு இருந்தது. "இது மேய்ப்புப்பணி பாடத்துல வரும், மூணாம் வருஷம்" என்றார். மூன்றாம் வருடம் அது வந்தது. துக்கத்தில் இருப்பவரைச் சந்திக்கும்போது செய்ய வேண்டியவை ஐந்து. கோடிட்ட இடங்கள் ஐந்து.

இந்த இடத்தில்தான் என் விமர்சனம். இந்தக் கல்விமுறையை விளக்க டெட் வார்ட் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் ஓர் உருவகம் சொன்னார். மரக்கட்டைகளால் ஆன வேலி. மேல் கட்டை, வீட்டில் படிக்கும் பாடம். கீழ்க் கட்டை, சபையிலும் ஊரிலும் கிடைக்கும் அனுபவம். இரண்டையும் தாங்கிப் பிணைக்கும் தூண்கள்தான் வாராந்திரக் கலந்துரையாடல். தூண் இல்லாவிட்டால் இரண்டு கட்டையும் தரையில் கிடக்கும், வேலி என்று ஒன்று இருக்காது.

எங்கள் நான்கு மணி நேரத்தில் என்ன நடந்தது? பயிற்சிப் புத்தகத்தைச் சரிபார்க்க முக்கால் மணி. ஆசிரியரின் விரிவுரை இரண்டரை மணி. மீதி, தேர்வுக்கான குறிப்புகளும் அறிவிப்புகளும். அதாவது தூண் இருக்க வேண்டிய இடத்திலும் இன்னொரு மேல் கட்டையைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். குவாத்தமாலாவில் ஆசிரியர் ஊர் ஊராகப் போனதே விரிவுரை நடத்த அல்ல, பேச.

முழுநேரச் செமினரிகள் இதை வேறு விதமாகச் சமாளிக்கின்றன. அங்கே மாணவன் வகுப்பில் கேட்டுக் குழம்புவதை விடுதி அறையில் நள்ளிரவு வரை பேசித் தீர்ப்பான். சபைக்கு அனுப்பும்போது மேலே ஓர் ஆயர் இருப்பார். மதுரை அரசரடியில் 1969 இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி இன்னும் ஒரு படி மேலே போய், மாணவர்களை வளாகத்துக்கு வெளியே உழைக்கும் மக்கள் நடுவில் தங்கிப் படிக்க அனுப்பியது. படிப்பும் வாழ்க்கையும் மோதிக்கொள்ள வேண்டும் என்று திட்டமிட்டே செய்தார்கள்.

பகுதிநேர மாணவனுக்கு அந்த மோதலை யாரும் ஏற்பாடு செய்ய வேண்டியதே இல்லை. சனிக்கிழமை படித்தது ஞாயிற்றுக்கிழமையே மோதிவிடுகிறது. முழுநேர மாணவன் நாலு வருடம் கழித்துச் சந்திக்கும் கேள்வியை நாங்கள் இருபத்துநாலு மணி நேரத்தில் சந்திக்கிறோம். ஆனால் எங்களுக்குத்தான் மேற்பார்வையும் இல்லை, பேச நேரமும் இல்லை. பகுதிநேரப் படிப்பை முழுநேரப் படிப்பின் தண்ணீர் விட்ட வடிவமாகப் பார்ப்பதால் வரும் விளைவு இது. பாடத்தைப் பாதியாக வெட்டினார்கள், சரி. பேச்சையும் சேர்த்து வெட்டியிருக்கக் கூடாது.

இதற்கு ஒரு பதில் சொல்வார்கள், சில ஆயர்கள் என்னிடம் சொல்லியும் இருக்கிறார்கள். "அதனாலதான் பொதுநிலையினருக்குப் பிரதி விமரிசனம் எல்லாம் வேண்டாங்கிறோம். அரைகுறையாத் தெரிஞ்சுக்கிட்டு வந்து விசுவாசத்தைக் குழப்புவீங்க." அந்த அக்காவிடம் நான் செய்ததைப் பார்த்தால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருப்பது போலத் தெரியும். எனக்கு ஒப்புதல் இல்லை. ஆயர்கள் இதையெல்லாம் செமினரியில் படித்தவர்கள்தான். படித்துவிட்டுப் பிரசங்க மேடையில் முப்பது வருடம் மூச்சு விடாமல் இருந்தால், சபை அதைச் சமாளிக்க எப்போது கற்றுக்கொள்ளும்? இன்றைக்கு ஞாயிறு பள்ளிப் பையன் செல்போனில் இரண்டு நிமிடத்தில் இதைத் தெரிந்துகொள்கிறான். அவனோடு உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும். மறைப்பதும் ஆபத்து, டிக் அடித்துவிட்டுப் போவதும் ஆபத்து. இரண்டிலுமே பேச்சு இல்லை.

டீ இடைவேளை

உண்மையைச் சொன்னால், மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல இறையியல் பாடம் வகுப்பில் நடக்கவில்லை. நாலு மணி டீ இடைவேளையில் நடந்தது. பதினைந்து நிமிடம். மாற்கு 16 விஷயத்தை எங்கள் செவிலியரிடம் சொன்னேன். அவர் பிரதிகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஒரு ரிப்போர்ட் மோசமா வந்தா, அதைச் சொல்றதுக்கு முன்னாடி கூட யார் இருக்காங்கன்னு பார்ப்போம். உட்காரவச்சுத்தான் சொல்வோம். சொல்லிட்டு உடனே போக மாட்டோம். நீங்க பன்னிரண்டு பேரை வச்சுக்கிட்டு ரிப்போர்ட்டை வாசிச்சிருக்கீங்க."

பக்கத்தில் நின்ற ஓட்டுநர் அண்ணன் கேட்டார்: "அந்த அக்கா வீட்டுக்குப் போனீங்களா?"

போகவில்லை. அந்த வாரம் போனேன்.

இரேனேயு, யூசேபியு என்று தயார் செய்துகொண்டு போனதில் பாதியைக்கூடச் சொல்லவில்லை. யாக்கோபு நிருபத்தைச் சொன்னேன், அது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவர் கேட்டது வேறு. "எட்டாம் வசனத்தோட முடிஞ்சா என்ன எழுதியிருக்கும்?" வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பொம்பளைங்களுக்கு வாயே வரல, இல்ல? எனக்கும் அன்னிக்குக் காலையில அப்படித்தான் இருந்துச்சு. யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்ல முடியல" என்றார். பிறகு அவர் கணவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். மாற்குவின் குறுகிய முடிவைப் பற்றி அதற்குப் பிறகு நிறையப் படித்திருக்கிறேன். அந்த வீட்டில் உட்கார்ந்து வாசித்தது போல எந்தப் புத்தகத்திலும் அது எனக்குப் புரியவில்லை.

அடுத்த வாரம் அவர் குழுவுக்கு வந்தார்.

சேர நினைப்பவர்களுக்கு

கல்லூரிகள் செய்ய வேண்டியது பெரிய செலவான காரியம் ஒன்றும் இல்லை. விரிவுரையை ஒலிப்பதிவு செய்து வீட்டில் கேட்கக் கொடுக்கலாம். நான்கு மணி நேரத்தில் இரண்டு மணியை மாணவர்களுக்கு விடலாம். "போன வாரம் படித்ததை எங்கே சொன்னீர்கள், யார் என்ன கேட்டார்கள், உங்களுக்கு எங்கே பதில் வரவில்லை" என்று ஆசிரியர் கேட்டால் போதும், பாடம் தானாக நடக்கும். பயிற்சிப் புத்தகத்தில் விடை இல்லாத கேள்விகளும் சில இருக்கலாம். விடை இருக்கும் இடத்தில் 'வகுப்பில் பேசவும்' என்று அச்சிட்டால் தாளும் மிச்சம்.

சேரலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: சேருங்கள். ஆனால் விண்ணப்பம் வாங்கும்போது கட்டணம், அங்கீகாரம், பாடத்திட்டம் எல்லாம் விசாரித்துவிட்டு இன்னொன்றும் கேளுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் மாணவர்கள் பேசுவார்கள், ஆசிரியர் கேட்பார் என்று கேளுங்கள். திருப்தியான பதில் வராவிட்டாலும் சேருங்கள், டீ இடைவேளையை மட்டும் விட்டுவிடாதீர்கள். நாங்கள் ஏழு பேர் இப்போது மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடுகிறோம். புத்தகம் கிடையாது. அந்த மாதத்தில் யாராவது எங்களிடம் கேட்டு, எங்களுக்குப் பதில் தெரியாத கேள்வி ஒன்றைக் கொண்டுவர வேண்டும். இதுவரை யாரும் வெறுங்கையோடு வந்தது இல்லை.